கியர் பெட்டியைக் கழற்றுமுன்...

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார் என்றால் ஒரு காலத்தில் அது மலபார் ஹில் வாசிகளின் சமாசாரம். அம்பாசடரிலும் பியட்டிலும் ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த கியர்க் கம்பியைத் தள்ளியும் இழுத்தும் பழகிய நம்மவர்களுக்கு, இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி ஒன்று உண்டு என்பது கேள்விப்பட்ட செய்தி மட்டுமே. 2014-இல் மாருதி நிறுவனம் செலேரியோ காரில் ஏ.எம்.டி. என்னும் மலிவான முறையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. அந்தக் கார்கள் இன்று ஒரு கை, இரண்டு கை மாறி, செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் குடியிருக்கும் குமாஸ்தாக்களின் வாசலில் நிற்கின்றன. பொங்கலுக்கு ரயிலில் இடம் கிடைக்காத குடும்பம் காரிலேயே ஊருக்குப் புறப்படுவதும் இப்போது அதிசயமில்லை.

வண்டி வந்துவிட்டது. அதற்கு நோவு வந்தால் என்ன செய்வது என்ற விவரம் மட்டும் கூட வரவில்லை.

என் மைத்துனர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். மூன்று லட்சத்து இருபதாயிரம் கொடுத்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார். அதில் பாதிக்கு மேல் கூட்டுறவுச் சங்கக் கடன். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, சயானை அடுத்த காந்தி மார்க்கெட் அருகே வழக்கம்போல் தண்ணீர் தேங்கியிருந்தது. மும்பைவாசிகளுக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முன்னே சென்ற டாக்சியைப் பார்த்து இவரும் தண்ணீரில் இறக்கி ஓட்டிக் கரையேறிவிட்டார். இரண்டு நாள் கழித்து, கிழக்கு விரைவுச் சாலையில் போகும்போது வண்டி ஒரே கியரில் நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது; வேகம் ஏறவில்லை; முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது.

ஊர்ந்து ஊர்ந்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். கண்ணாடி அறை, குளிர்சாதனம், காபி எல்லாம் உண்டு. அங்கிருந்தவர் வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுவதும் மாற்ற வேண்டும், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று மைத்துனர் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இரவு எனக்குப் போன் செய்தபோது அவர் குரலே சரியாக இல்லை. "அத்தான், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடட்டுமா?" என்றார்.

தாராவிப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமைக்காரர், ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பழக்கமுள்ளவர். அவரிடம் அழைத்துப் போனேன். வண்டியைப் பார்த்துச் சொல்வதற்கு மட்டும் எண்ணூறு ரூபாய் ஆகும் என்றார். ரிப்பேருக்கு வேறு. எனக்குச் சுருக்கென்றது. "பார்ப்பதற்கே காசா தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, டாக்டரு பாத்துட்டு ஒண்ணுமில்ல, மருந்து வேண்டாம்னு சொன்னா, பீஸ் குடுக்காம எந்திரிச்சு வந்துருவீகளா?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும். நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான். முதல் அரை மணி நேரம் அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. கேள்விகள்தான். கோளாறு எப்போது ஆரம்பித்தது? காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? எல்லாக் கியரிலுமா, ஒன்றிலா? ரிவர்ஸ் சரியாகப் போகிறதா? அதற்கு முன் யாராவது ஏதாவது வேலை செய்தார்களா? தண்ணீரில் இறக்கினீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரிய ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேட்கவில்லை.

பிறகு பாட்டரியைச் சோதித்தார். இக்காலத்து கியர் பெட்டியை நடத்துவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். அதற்குச் சரியான மின்சாரம் கிடைக்காவிட்டால் அது தாறுமாறாக நடந்துகொள்ளும். பாட்டரி நன்றாகவே இருந்தது. அடுத்தபடியாக கியர் ஆயிலில் சிறிது எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தார். சிவப்பு மாறாமல், வாடை இல்லாமல் இருந்தது. தண்ணீர் உள்ளே போயிருந்தால் பால் கலந்த ரோஸ் மில்க் மாதிரி இருக்கும் என்றார். அதன்பின் ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள பதினாறு முனைச் சாக்கெட்டில் தன் கருவியைச் செருகினார். இரண்டு எண்கள் வந்தன. பி 0700 என்பது ஒன்று; கியர்ப் பகுதியில் ஏதோ குறை இருக்கிறது என்ற பொது அறிவிப்பு அது, வேறொன்றும் சொல்லாது. பி 0715 என்பது மற்றொன்று. கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அதற்குப் பொருள்.

சென்சாரை மாற்று என்று அந்த எண் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்று என்றால் சென்சார், வயர், பிளக், கம்ப்யூட்டர் எல்லாம் அடக்கம். அவர் வண்டிக்கு அடியில் போய் கியர் பெட்டியின் மேலுள்ள பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செப்புக் குடத்தில் பிடிப்பது போல் பச்சைக் களிம்பு. ரப்பர் வளையம் கிழிந்து மழைத் தண்ணீர் புகுந்திருக்கிறது. சுத்தம் செய்து, உலர்த்தி, இரண்டு முனைகளையும் வளையத்தையும் மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்த்தார். வண்டி கியர் கியராக ஏறியது. பார்த்த கூலியும் சேர்த்து மொத்தம் இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.

ஒரே கியரில் வண்டி நின்றது கோளாறே அல்ல, பாதுகாப்பு. சென்சார் சொல்லும் கணக்கு நம்பத்தக்கதாக இல்லை என்று கண்டதும், கம்ப்யூட்டர் மாற்றுவதை நிறுத்திக்கொண்டு, உள்ளே எதுவும் தேயாதபடி ஒரே கியரைப் பிடித்துக்கொள்கிறது. எப்படியாவது வீடு போய்ச் சேரட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வீட்டில் பியூஸ் போனால் வீட்டையே இடித்துக் கட்ட வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? கியர் பெட்டி விஷயத்தில் சொல்கிறார்கள், நாமும் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு, பெரிய ஒர்க்‌ஷாப் எல்லாம் கொள்ளை, நம் ஊர்க்காரர் எல்லாம் யோக்கியர் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நேர்மாறான அனுபவமும் உண்டு. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் சி.வி.டி. வகைக் கார் இருந்தது. அந்த வகையில் பல்சக்கரங்கள் வரிசையாக மாறுவதில்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. கப்பி விரிந்து சுருங்குவதால் வேகம் கூடிக் குறைகிறது. பட்டை வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்கென்றே அதற்குத் தனி ஆயில். வண்டி கொஞ்சம் உதறுகிறது என்று அவர் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டார். அவரும் தமிழர்தான், நல்ல மனிதர்தான். "எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆயில்தானே சார்" என்று கடையில் கிடைத்த சாதாரணச் சிவப்பு ஆயிலை ஊற்றிவிட்டார். சில மாதங்களில் பட்டையும் கப்பியும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அங்கே உண்மையிலேயே பெட்டி போயிற்று. உதறலுக்குக் காரணம் என்ன என்று அவரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி நண்பரும் காசு கொடுக்கவில்லை.

என் வாதம் இவ்வளவுதான். கோளாறைக் கண்டுபிடிப்பது ரிப்பேரில் ஒரு பகுதி அல்ல. அது தனி வேலை. அதற்கு நேரம் வேண்டும், கருவி வேண்டும், படிப்பு வேண்டும். அந்த வேலைக்குக் கூலி தர மாட்டோம் என்று நாம் பிடிவாதமாக இருப்பதால், மெக்கானிக் தன் கூலியை எங்காவது எடுத்தாக வேண்டும். பாகங்களை மாற்றினால்தான் வருமானம் என்று ஏற்பட்டுவிட்டால், பாகங்கள்தான் மாற்றப்படும். எண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறோம் என்று எண்ணி லட்சத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நாலு ஜாதி வண்டிகள் ஓடுகின்றன என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். என் மைத்துனர் வண்டி டார்க் கன்வெர்ட்டர் வகை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் ஆயிலே கிளட்ச் வேலையைச் செய்கிறது. சி.வி.டி. பற்றிச் சொன்னேன். இரட்டைக் கிளட்ச் உள்ள வகை ஒன்று உண்டு. அது விலை உயர்ந்த வண்டிகளில். நம்மவர்களிடம் பெரும்பாலும் இருப்பது நான்காவது வகையான ஏ.எம்.டி. இது வேறொன்றுமில்லை, பழைய கியர் பெட்டியேதான், பழைய கிளட்சேதான். நம் காலும் கையும் செய்ததை ஒரு சின்ன இயந்திரம் செய்கிறது. ஆகவே ஏ.எம்.டி. வண்டியில் எஞ்சின் கத்தி, வேகம் ஏறாமல், கருகிய வாடை வந்தால், பெட்டி போயிற்று என்று அலற வேண்டியதில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்ச் பிளேட்டைத்தான். சாந்தாகுரூஸ் – செம்பூர் இணைப்புச் சாலையில் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது பாருங்கள். பலர் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்திக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நிமிஷமும் கிளட்ச் தேய்கிறது. புதுக் கிளட்ச் போட்ட பிறகு, அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கருவி மூலம் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால் குலுங்கிக் குலுங்கித்தான் போகும். வேலை செய்த மெக்கானிக்குக் கெட்ட பெயர், மறுபடி செலவு.

கியரின் மேல் பழி விழும்படி வேறு இடத்துக் கோளாறுகளும் நடிக்கும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் உடைந்துவிட்டால், 'டி'யில் போட்டதும் 'டொக்' என்று இடிக்கும். கியர் இடிக்கிறது என்று நினைப்போம். ஒரு பிளக் சரியாகப் பற்றாவிட்டால் ஏற்றத்தில் வண்டி உதறும். அதையும் கியர் உதறுகிறது என்போம். 'பி'யிலிருந்து லீவர் நகரவே மாட்டேன் என்கிறதா? பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்சு போயிருக்கலாம். பிரேக் மிதித்த செய்தி போய்ச் சேர்ந்தால்தான் பூட்டுத் திறக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான். இதற்குக் கியர் பெட்டியைக் கழற்ற முனைந்தவர்களும் உண்டு.

ஆயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். கியர் ஆயில், எஞ்சின் ஆயிலைப் போல எரிந்து குறையாது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்; ஊற்றிவிட்டு வருவது வைத்தியமாகாது. கறுத்துக் கருகிய வாடை வந்தால் உள்ளேயுள்ள கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. அடித்தட்டிலுள்ள காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருப்பது சகஜம். இரும்புச் சில்லுகள் கிடந்தால் சகஜமல்ல. அப்போது பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும், அழுது பயனில்லை. ஆயில் மட்டம் பார்க்கும் முறையும் வண்டிக்கு வண்டி வேறு. சிலவற்றில் எஞ்சின் ஓட வேண்டும், சிலவற்றில் நிறுத்த வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் அளவுக் கம்பியே கிடையாது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் உள்ளபடி செய்வதே சரி. "ஆயுள் முழுவதும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சில கம்பெனிகள் சொல்வதை நான் நம்புவதில்லை. யாருடைய ஆயுள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. வாஷியிலும் தாணேயிலும் நெரிசலில் வெந்து, வருஷத்துக்கு ஒரு முறை கண்டாலா மலையேறி ஊருக்குப் போய்வரும் வண்டிக்கு ஆயில் மாற்றுவது வீண் செலவாகாது.

ஓர் எச்சரிக்கை. மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று ஆபீஸ் நண்பர்கள் யோசனை சொல்வார்கள். அணையலாம்தான். கூடவே, எந்த நிலையில் கோளாறு நேர்ந்தது என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்த சாட்சியமும் அழிந்துவிடும். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒருசேர அழுத்தி இழுவையைப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. அது எல்லா வகை வண்டிக்கும் ஆகாது, ஆகும் வண்டியிலும் ஐந்து விநாடிக்கு மேல் கூடாது, நம் போன்றவர்கள் தொடவே கூடாது. வண்டி நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தையும் டார்க் கன்வெர்ட்டரிலோ சி.வி.டி.யிலோ பலிக்காது. கயிறு கட்டி இழுத்துப் போகவும் விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது உள்ளேயுள்ள ஆயில் பம்பும் ஓடாது. சக்கரம் மட்டும் சுற்றினால் உலர்ந்தபடி தேயும். ஓட்டும் சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கூட ஆகட்டும்.

இனி ஒர்க்‌ஷாப்புக்காரர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெட்டியின் உட்பாகங்களைக் கம்பெனிகள் பல சமயம் தனியாகக் கொடுப்பதில்லை. முழுப் பெட்டியாகத்தான் கிடைக்கிறது. பிரித்துப் பார்க்க ஆகும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. பிரித்துப் பூட்டிய பெட்டிக்கு அவர்கள் உத்தரவாதமும் கொடுக்க முடியாது. முழுப் பெட்டியை மாற்றுவது அவர்களுக்குச் சுலபம், பத்திரம். சின்ன மெக்கானிக்கின் கஷ்டம் வேறு. கியர்ப் பகுதியைப் படிக்கும் கருவி விலை அதிகம். மலிவுக் கருவிகள் எஞ்சினோடு நின்றுவிடும். கம்பெனியின் ரிப்பேர்ப் புத்தகம் அவர் கைக்கு எட்டாது. எட்டினாலும் இங்கிலீஷில் இருக்கும். ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்கென்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு வலைத்தளம் தொடங்கிற்று. கார்களும் அதில் அடக்கம். நல்ல காரியம். ஆனால் தாராவியில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் அந்தத் தம்பிக்குத் தேவை, அந்த வண்டியின் வயரிங் படம். அதைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் போட்டுக் கொடுக்கக் கம்பெனிகளுக்கு என்ன நஷ்டம்?

நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. பெரிய தொகை சொல்லப்பட்டால், என்ன சோதனை செய்தீர்கள், என்ன எண் வந்தது, ஆயில் எப்படி இருந்தது என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் இடத்தில் வண்டியை விடக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். பில் கேட்க வேண்டும். செய்த வேலைக்குப் பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இதெல்லாம் காரியமாக வேண்டுமானால் கையில் காகிதம் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சை வைத்துக்கொண்டு யாரும் வாதாட முடியாது.

மெக்கானிக்குகளும் கூச்சப்படாமல் ஒரு பலகையில் எழுதி மாட்டலாம்: "கோளாறு பார்க்க இவ்வளவு, ரிப்பேர் எங்கே செய்தாலும் உங்கள் இஷ்டம்." என் மைத்துனர் அந்த எண்ணூறு ரூபாய்க்கு ரசீது கேட்டார். அந்தத் தம்பியிடம் ரசீதுப் புத்தகமே இல்லை. பார்க்கும் கூலிக்கு அதுவரை யாரும் ரசீது கேட்டதில்லையாம். சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் இரண்டு எண்களையும், பிளக் இருக்கும் இடத்தையும், தேதியையும் எழிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு அதுவும் இருக்கிறது.